கன்றுக்கு வந்த டாக்டர்

பாலக்கோட்டிலிருந்து தருமபுரி போகும் பஸ். எனக்கு முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “மாட்டு டாக்டருதாங்க்கா என் உசுரக் காப்பாத்துனாரு.”

“மாட்டு டாக்டரா?”

“கன்னுக்குட்டிக்கு நெருப்பாக் காய்ச்சல். ரத்தமாக் கழிஞ்சுது. நாந்தான் கழுவி உட்டேன். அதப் பாக்க வந்தவரு, வயித்தப் புடிச்சிக்கிட்டு நின்ன என்னையப் பாத்தாரு. ‘உனக்கும் காய்ச்சல், கழிச்சலாம்மா? இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ’ன்னாரு. கன்னோட சாணியையும் என்னோடதையும் டெஸ்ட் பண்ணுனா, ரெண்டுலயும் ஒரே கிருமிங்க்கா! சால்மோனெல்லாவாம். கண்ணுக்கே தெரியாதது, மாடு மனுசின்னு பாக்கவே இல்ல.”

“அடேங்கப்பா! கன்னு எப்படியிருக்குது?”

“அது பொழைக்கலீங்க்கா.” அவள் குரல் இறங்கியது. “அது படுத்ததாலதான் அவரு எங்க வூட்டுக்கே வந்தாரு.”