தமிழ்நிலாவைப் பத்தி விசாரிக்க வந்தவரு

அட, வெயில்ல நிக்காதீங்கண்ணா, வண்டிக்கு இந்தப் பக்கம் நெழலுக்கு வந்துடுங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. மூட்டைய கீழ தள்ளுங்க, பரவால்ல, இன்னும் தேய்க்காத துணிதான். எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நீங்க பொண்ணு விசாரிக்க வந்திருக்கறீங்க. எப்பிடின்னா கேக்கறீங்க? பஸ்ஸ வுட்டு எறங்கி டீக்கடைய ஒரு பார்வ பாத்தீங்க, மளிகக்கடைய ஒரு பார்வ பாத்தீங்க, அப்பறம் கையில ஒரு துணியும் இல்லாம இஸ்திரி வண்டிகிட்ட வந்து நின்னுகினு, சட்ட தேய்க்க எவ்ளோன்னு கேக்கறீங்க. போட்டுகினு இருக்கற சட்டயவா கழட்டிக் குடுக்கப் போறீங்க?

சிரிங்க சிரிங்க. வாரத்துக்கு ஒருத்தராச்சும் இப்பிடி வந்துடுவாங்கண்ணா. நெய்வேலியில மாப்ள பாத்தாலும் பொண்ணு பாத்தாலும் கடைசியில இஸ்திரிக்காரிகிட்ட வந்துதான் நிக்கறாங்க. பக்கத்து வூட்டுல கேட்டா பொறாமையில ஒண்ணு சொல்லுவாங்க, ஆபீஸ்ல கேட்டா மழுப்புவாங்க. நான் காலையில குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸா போயி துணி எடுத்தாந்து, இங்க மந்தாரக்குப்பத்துல வச்சி தேய்க்கறவ. ஒரு வூட்டு மூட்டைய பிரிச்சன்னா யாரு நைட் ஷிப்ட், யாரு பர்மனென்ட் ஆயிட்டாங்க, யாரு வூட்டுல புருஷன் பொஞ்சாதி பேசிக்கறது இல்ல, எல்லாம் தெரிஞ்சிடும். சண்டன்னா தனித்தனி மூட்டயா வரும்ண்ணா. அவுரு சட்ட அவுரு எடுத்தாருவாரு, அந்தம்மா பொடவ அந்தம்மா எடுத்தாரும். சேந்துட்டாங்கன்னா மறுபடி ஒரே மூட்ட.

கொஞ்சம் தள்ளிக்கிங்க, பொறி பறக்கும். ஊரு பூரா நெலக்கரி, மலையாட்டம் வெட்டிக் குவிக்கறாங்க, எனக்கு மட்டும் கொட்டாங்கச்சிக் கரி தேடி அலையணும். எங்க போயி சொல்றது இத?

மேல்பட்டாம்பாக்கமா? பையனுக்குத் தாய்மாமனா? பையன் பேரு ஜெயப்பிரகாஷு, கான்ட்ராக்ட்ல எலக்ட்ரிசியன். நீங்க சொல்லலயே, எனக்கே தெரியும். ரத்தம் குடுக்க லேப்புக்கு வந்து, ஊசியப் பாத்ததும் மயங்கி வுழுந்த புள்ளதான? அந்த ஊசி குத்துனவளத்தான் கட்டிக்கறேன்னு நிக்கறாரு. நல்ல தைரியம்தான்.

சரி சரி, வெசயத்துக்கு வரேன். தமிழ்நிலா. லேப்புல வேல பாக்கற பொண்ணு. பெத்தவங்க ரெண்டு பேரும் இல்ல, அது உங்களுக்கே தெரியும். கொணத்துல ஒரு கொறயும் சொல்ல முடியாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கொழம்புல மொளகா தூக்கலாப் போடுவா. அதெல்லாம் உங்க புள்ள பாத்துக்குவாரு.

இதுக்கு முன்னால கல்யாணம் ஆவலியான்னா கேக்கறீங்க?

இருங்கண்ணா, இந்தக் காலரு கருகிடும், ஒரு நிமிசம்.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். குவார்ட்டர்ஸ்ல ஒரு சாரு இருக்கறாரு. பேரு சொல்ல மாட்டேன், யாரு பேரயும் சொல்லப்படாது. வெங்கடேஷ் சாருன்னு வச்சுக்குங்க. கோயம்புத்தூருப் பக்கத்துலேர்ந்து வந்தவரு, பர்மனென்ட், தனிக்கட்ட. அவுருக்குப் பொண்ணு குடுக்கறவங்க உங்களயாட்டமே வந்து, இதே ஸ்டூல்ல உக்காந்தாங்க. அப்ப எனக்குப் பெரிய துப்பறியும் புலின்னு நெனப்பு. வருஷத்துக்கு ரெண்டு தபா, பொங்கலுக்கு ஒண்ணு தீவாளிக்கு ஒண்ணு, அவுரு மூட்டயில அரக்குக் கலருல ஒரு பட்டுப்பொடவ வருது, யாருதுன்னு கேட்டா அம்மாதுங்கறாரு, அம்மா நல்லா பூசுனாப்ல இருப்பாங்க, கூட வர்ற ஜாக்கெட்டு கொத்தவரங்காயாட்டம் இருக்குதுன்னு நீட்டி மொழக்கிட்டேன். அவங்க போயி நோண்டுனாங்க. உண்மதான். கட்டி, அறுத்துவுட்டு மூணு வருஷமாச்சாம். பொஞ்சாதி வுட்டுட்டுப் போன பொடவய பூச்சி அரிக்காம தேய்ச்சித் தேய்ச்சி வச்சிகினு இருந்திருக்காரு மனுஷன். சம்பந்தம் அப்பவே முறிஞ்சிடுச்சி. இன்னமும் தனியாதான் இருக்கறாரு. என்னிய ஒரு வார்த்த கேக்கல. துணி மட்டும் அதுக்கப்பறம் வர்லண்ணா. அவுரே தேய்ச்சிக்கறாரு போல, ரோட்டுல பாத்தா சட்டயெல்லாம் சுருக்கமாதான் இருக்குது. அதப் பாக்கறப்பல்லாம் நான் மூஞ்சியத் திருப்பிக்கறேன்.

அன்னிக்கு முடிவு பண்ணேன். யாரு வந்து கேட்டாலும் தங்கமான ஆளு, கண்ண மூடிகினு செய்யுங்கன்னு சொல்லி அனுப்பிடறது.

பாத்தீங்களா, புடிச்சிட்டீங்க. அப்ப தமிழ்நிலாவ நல்லவன்னு சொன்னதும் அந்தக் கணக்குதானான்னு கேக்கறீங்க. வெவரமான ஆளுதான் நீங்க.

சரி, நான் ஒண்ணு கேக்கறேன். இஸ்திரிக்காரம்மாகிட்ட போயி கேளுங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது? ஜெயப்பிரகாஷா? அவுருகிட்ட யாரு சொன்னது? தெரியாதில்ல. அவதான் சொல்லியிருக்கா. நேத்து எங்கிட்டயும் வந்து சொன்னா, அவுருகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன், பெரியவங்ககிட்ட சொல்ல அவுரு பயப்படறாரு, மாமா உங்கள தேடிகினு வருவாரு, நீங்க மறைக்காம சொல்லிடுங்கன்னு. நான் முடியாதுன்னேன். போடி, இவ்ளோ தூரம் வந்தது கெட்டுப்போவும்னு கத்துனேன். அவ சிரிச்சிட்டு வேலைக்குப் போயிட்டா. அதான் அப்பலேர்ந்து சொல்லலாமா வேணாமா, சொல்லலாமா வேணாமான்னு கரி, காலருன்னு ஒளறிகினு இருக்கறேன்.

ஆச்சிண்ணா. அவளுக்குக் கல்யாணம் ஆச்சி. ஒண்ணர வருஷம் கூட வாழல. கொழந்த குட்டி இல்ல. புருஷன் குடிக்கல, அடிக்கல. திருப்பூருக்கு வேலைக்குப் போனான், போன எடத்துல வேற ஒருத்தியோட குடும்பமாயிட்டான். இவ பதினோரு மாசம் அவன் போனு வருமான்னு பாத்துகினே உக்காந்திருந்தா. அப்பறம் நான்தான் எழுப்பி, லேப்பு படிப்புக்கு அனுப்பிவுட்டேன். கோர்ட்டுக்கும் நான்தான் கூட்டிகினு போனேன். தப்பு பூரா அவன் மேலதான், இவ மேல ஒரு துளி கெடயாது. இத எந்தக் கோயில்ல வேணாலும் சூடம் ஏத்தி அடிச்சி சொல்லுவேன்.

அது எப்பிடி அவன் தப்புன்னு எனக்கு அவ்ளோ நிச்சயமாத் தெரியும்னு பாக்கறீங்க. மத்தவங்க சொன்னா அப்பிடியும் இருக்கும் இப்பிடியும் இருக்கும். என் வாய நம்ப வேணாம். காயிதம் பாருங்க. இந்த டிராயருலதான் இருக்குது, காலையில கெளம்பறப்ப எடுத்தாந்தேன், குடுப்பேனா மாட்டேனான்னு தெரியாமயே. தீர்ப்புக் காப்பி, சீல் போட்டது. கண்ணாடி வேணுமா? தெரியுதில்ல? மொதப் பக்கம், அவ பேருக்குக் கீழ பாருங்க. இனியன். தகப்பனாரு பேரு பெரியண்ணன்.

பெரியண்ணன் என் வூட்டுக்காரரு. போயி ஒம்பது வருஷமாவுது. இனியன் நான் பெத்தது.

ஆமாண்ணா. எங்கூடதான் இருக்கறா. அவன் வரவே இல்ல, இவ போவவே இல்ல. இங்க வெவரம் தெரியாதவங்க என் பொண்ணுன்னு நெனச்சிகினு இருக்கறாங்க, நானும் இல்லன்னு சொன்னதில்ல.

எழுந்துட்டீங்களா? யோசிச்சி சொல்லுங்க, அவசரமில்ல. வூட்டுல எல்லார்கிட்டயும் பேசுங்க. வேணாம்னு முடிவாச்சின்னா அவகிட்ட நேராப் போயி சொல்லிடாதீங்கண்ணா, எனக்கு ஒரு போன் போடுங்க. போன தபா என் புள்ள அவள வேணாம்னு சொன்னத அவகிட்ட சொன்னது நான்தான். இந்த தபாவும் நானே சொல்லிக்கறேன்.