கட்டில் மூணாவது மாடிக்குப் போகணுமாம்

நீங்களே சொல்லுங்கண்ணே, தன் மேல படுத்திருக்கிற கொழந்தை எந்த நாட்டுலேருந்து வந்துச்சுன்னு ஒரு கட்டிலுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? மரத்துக்கே இல்லாத வித்தியாசம் இந்த மனுஷங்களுக்கு எங்கேருந்துதான் வருதோ! கயித்தக் கீழ வைங்க. உக்காருங்க. வாசல்ல இருக்கிற இந்த ஸ்டூல்ல ஓரமா உக்காருங்க, நடுவுல உக்காந்தா ஆடும்.

அவசரமா? இருக்கட்டுமே. கொழந்தை இப்பத்தான் கண்ண மூடுச்சு. தூங்குற கொழந்தையோட சேத்தா கட்டிலத் தூக்குவீங்க? முழிக்கட்டும். அது வரைக்கும் டீயக் குடிங்க. ஏய் சின்னவளே, மாமாவோட கயித்த விடு! வாயில வைக்காத! மன்னிச்சுக்கங்கண்ணே, இவ கையில எது கெடச்சாலும் நேரா வாய்க்குத்தான் போகும்.

உங்களக் கூப்பிட்டது ஆறாவது மாடி டாக்டரம்மாதான? என்ன சொன்னாங்க? "கீழ மோட்டர் ரூம் பக்கத்து வீட்டுல ஒரு கொழந்தைக் கட்டில் தப்பா போயிருச்சு, அத மூணாவது மாடிக்குத் தூக்கிக் குடுங்க"ன்னாங்களா? தப்பா போயிருச்சாம்! கட்டிலுக்குக் கால் நாலு இருக்குதான், அதுக்காகத் தானா நடந்தா போகும்?

முழுசாச் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் இந்தக் கட்டடத்துக்கு வாட்ச்மேன். நான் படி கழுவுறேன். அதனால யார் வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது... வெளிய என்ன நடக்குதுன்னு எல்லாமே தெரியும்.

இங்க ரெண்டு அகதிக் குடும்பம் இருக்கு. ஊர் பேரெல்லாம் என் வாயில நுழையாது. நானா வச்ச பேரு: மூணாவது மாடியில இருக்கிறது பனிக்காரங்க, இதோ இந்த வீட்டுல இருக்கிறது மணல்காரங்க. அவங்க ஊர்ல பனி பெய்யுமாம், இவங்க ஊர்ல மணல் காத்து அடிக்குமாம். ரெண்டு ஊர்லயும் ஆகாசத்துலேருந்து விழுந்தது என்னமோ குண்டுதான்.

மொதல்ல வந்தது மணல்காரங்க. புருஷன், பொண்டாட்டி, ஒரு பச்சக் கொழந்தை. ஒரே ஒரு பை. அவங்க வந்து எறங்குன அன்னிக்கு இந்தக் கட்டடத்துல ஒரு ஏற்பாடு நடந்துச்சு பாருங்க... சைக்கிள் நிறுத்துற எடத்துக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டாங்க! நெஜமாத்தாங்க. குடியிருக்கிறவங்க சங்கத்துச் செயலாளர் தன் கையாலயே பூட்டி, மூணு வாட்டி இழுத்துப் பாத்தாரு.

அப்புறம் பனிக்காரங்க வர்றாங்கன்னு சேதி வந்துச்சு. அடேயப்பா! மாப்பிள்ளை அழைப்பு தோத்துப் போச்சு. வாசல்ல பூ, சன்னலுக்குப் புதுத் திரை, டீ போடுற கெட்டிலே ஆறு! ஒரு வீட்டுக்கு எதுக்குங்க ஆறு கெட்டில்? டாக்டரம்மா அழுறாங்க. "பாத்தா நம்ம வீட்டுப் பிள்ளைங்க மாதிரியே இருக்காங்க"ன்னு சொல்லிச் சொல்லி அழுறாங்க. கீழ இருக்கிற கொழந்தை மட்டும் யார் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்காம்? அதுக்கும் ஒரு மூக்கு, ரெண்டு காது. நான் எண்ணியே பாத்துட்டேன்.

நாலாவது மாடியில ஒரு பெரியவர் இருக்காரு. பெரிய ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவர் எனக்கு வெளக்கம் சொல்றாரு. "மேல இருக்கிறவங்க உயிருக்குப் பயந்து வந்தவங்கம்மா, கீழ இருக்கிறவங்க பொழைக்க வந்தவங்க." நான் கேட்டேன், "உயிருக்குப் பயந்து வந்தவங்க அப்புறம் பொழைக்க வேணாமாங்கய்யா?"ன்னு. படிய ஒழுங்காக் கழுவச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

போன் கதையக் கேளுங்க. பனிக்காரம்மா போன் பேசுனா, "பாவம், அம்மாகிட்டப் பேசுறாங்க." மணல்காரர் போன் பேசுனா, "பாத்தியா, போனெல்லாம் வச்சிருக்கான்!" என் பெரியவ ஒரு நாள் கேக்குறா, "அம்மா, மேல இருக்கிறது நல்ல அகதி, கீழ இருக்கிறது கெட்ட அகதியா?"ன்னு. இத அவளுக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரல. இந்தப் படிக்கட்டுல கத்துக்கிட்டா.

டீ ஆறுது, குடிங்க.

சங்கத்துல என்ன சொன்னாங்கன்னா, பனிக்காரங்க வீட்டு வாசல்ல யாரும் கூட்டம் போடாதீங்க, குடுக்கிறத வாட்ச்மேன் ரூம்ல வைங்க, அந்தம்மா மேல கொண்டுபோய்க் குடுப்பான்னாங்க. அந்தம்மான்னா நான்தான். போர்வை, பொம்மை, ஸ்வெட்டர், குக்கர்... எங்க ரூம்ல கால் வைக்க எடமில்ல. கடைசியா டாக்டரம்மா வீட்டுலேருந்து எறங்குச்சு இந்தக் கட்டில். தேக்கு! அவங்க பேரப்பிள்ளைங்க மூணு பேர் படுத்து வளந்ததாம்.

அண்ணே, பனிக்காரங்க வீட்டுல கைக்கொழந்தையே கெடையாது! அவங்களுக்கு ஒரே பையன், அவனுக்கு மீசை அரும்புது. இந்தக் கட்டில்ல படுத்தான்னா முழங்காலுக்குக் கீழ மொத்தமும் வெளிய தொங்கும். விழுந்து விழுந்து அழுதாங்களே, அந்த வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு ஒருத்தராவது எட்டிப் பாத்தாங்களா?

இங்க என்னடான்னா, பச்சப் பிள்ளை தரையில படுத்திருக்கு. அட்டப்பெட்டியப் பிரிச்சுப் போட்டு, அதுக்கு மேல ஒரு துணி. அந்தச் சுவரத் தொட்டுப் பாருங்க. மோட்டர் ரூம் சுவரு, எப்பவும் வேர்த்துக்கிட்டே இருக்கும். கொழந்தை இருமுற சத்தம் எங்க ரூமுக்குக் கேக்கும். கெழவன் மாதிரி இருமுச்சுங்க.

அப்பப் பாத்துத்தான் லிஃப்ட் நின்னு போச்சு.

கஷ்டகாலம்! தேக்குக் கட்டில நான் ஒருத்தி மூணு மாடி தூக்க முடியுமா? எங்க ரூம்லயும் எடமில்ல. சரி, லிஃப்ட் சரியாகுற வரைக்கும் எங்கயாவது வைப்போம்னு இந்த வீட்டுல வச்சேன். வச்ச கட்டில் சும்மாத்தான இருக்குன்னு கொழந்தையப் போட்டோம். கூடவே ஒரு போர்வை. ஒரு குக்கர். நாலாவது மாடிப் பெரியவர் குடுத்த கோட்டு... எல்லாம் லிஃப்ட்டாலதான்!

பனிக்காரம்மாகிட்ட மறைக்கலங்க. கையாலயே ஜாடை காட்டிச் சொன்னேன். கட்டில் மாதிரி, கொழந்தை மாதிரி, கீழ மாதிரி. அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சு, அவங்க பங்குக்கு அந்த ஆறு கெட்டில்ல ரெண்ட என் கையில திணிச்சாங்க. அவங்க சிரிச்சே நான் அன்னிக்குத்தான் பாத்தேன். பாவம், வர்றவங்க எல்லாம் அவங்க அழுறதப் பாக்கத்தான வர்றாங்க. ஒரு நாள் மாடியில துணி காயப் போடும்போது லேசாச் சிரிச்சுட்டாங்கன்னு, "அதுக்குள்ள சரியாயிட்டாங்க போல"ன்னு ஒருத்தி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. காட்டிக் குடுத்தது யாரு தெரியுமா? இந்த வீட்டு மனுஷன்தான்! நல்ல மனுஷன், அதுதான் அவர்கிட்ட இருக்கிற ஒரே தொந்தரவு. வாங்குன பொருளுக்கு நேர்ல போய் நன்றி சொல்லாட்டி அவங்க பக்கத்துல பெரிய அவமானமாம். எனக்குத் தெரியாம, ஒரு தட்டு நெறைய இனிப்பு செஞ்சு எடுத்துக்கிட்டு, தலைய வாரிக்கிட்டு, அந்தக் கோட்டையும் போட்டுக்கிட்டு, மாடி மாடியா ஏறிட்டாரு!

நாலாவது மாடிக் கதவத் தட்டியிருக்காரு. பெரியவர் கதவத் தெறந்தா, எதுக்க அவரோட கோட்டு நின்னு கும்பிடுது. ஹாஹா... சிரிக்காதீங்கண்ணே, நீங்க சிரிச்சா எனக்கும் வருது. அங்கேருந்து ஆறாவது மாடி. டாக்டரம்மாவுக்குப் போன்ல போட்டோ காட்டியிருக்காரு, கட்டில்ல கொழந்தை தூங்குற போட்டோ. "ஐயோ, என்ன அழகு! யாரு வீட்டுக் கொழந்தை?" அப்படின்னு கேட்டாங்களாம். "என் கொழந்தை, கீழ் வீடு"ன்னு கத்துக்கிட்ட நாலு வார்த்தையில சொல்லியிருக்காரு. அவ்வளவுதான். கரண்டு போன மாதிரி மூஞ்சி அணைஞ்சு போச்சாம்.

ஒரு நொடிக்கு முன்னாடி அழகா இருந்த கொழந்தைங்க அது! அதே போட்டோ!

அப்புறம் என்ன... சங்கம் கூடுச்சு. என்னைய நிக்க வச்சுக் கேட்டாங்க. லிஃப்ட் மேல பழியப் போட்டேன். லிஃப்ட்காரரும் வந்து பாத்தாரு, எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா ஓடலங்கிறாரு. எப்படி ஓடும்?

...எப்படி ஓடும்னா... என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க?

சரி, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. லிஃப்ட்டோட பெரிய சுவிட்சு எங்க ரூம்ல, அலமாரிக்குப் பின்னால இருக்கு. நான்தான் அணைச்சு வச்சேன். லிஃப்ட் ஓடுச்சுன்னா கட்டில் மேல போயிரும்ல? எனக்கும் கஷ்டம்தாங்க, ஆறு மாடிக்கும் வாளியத் தூக்கிட்டு நடக்கிறது யாரு? எங்க வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது. தெரிஞ்சா அவர் மூஞ்சியே சொல்லிரும். லிஃப்ட் ஓடாததாலதான் உங்களக் கூப்பிட்டிருக்காங்க. ஆக, நீங்க இங்க வந்து இந்த ஆடுற ஸ்டூல்ல உக்காந்திருக்கிறதுக்கே நான்தான் காரணம்.

எந்திரிச்சுட்டீங்களா? கோவமா? அண்ணே, ஒரு நிமிஷம். உள்ள எட்டி மட்டும் பாத்துட்டுத் தூக்குங்க. கைய மடக்கிக் கன்னத்துக்குக் கீழ வச்சுக்கிட்டு எப்படித் தூங்குது பாருங்க. இந்தக் கட்டில் வந்ததுலேருந்து இருமல் இல்ல. மறுபடியும் அந்த ஈரத் தரையில போடணும்... என்ன பண்றீங்க? கயித்தப் பிரிச்சுப் படிக்கட்டுக்கு எதுக்குப் போறீங்க? அளக்குறீங்களா? படி திரும்புற எடத்தையா?

தலைய ஆட்டுறீங்க... நுழையாதா? நெஜமாவே நுழையாதா, இல்ல...? அண்ணே! கைப்பிடிச் சுவரக் காட்டுறீங்க... அத இடிச்சாத்தான் போகுமா? சுவர இடிக்கச் செயலாளர் ஒத்துக்கவே மாட்டாரே! லிஃப்ட் சரியானாத்தான் உண்டுன்னு சொல்லிருவீங்களா? மேல கை காட்டுறீங்க... டாக்டரம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்வீங்களா?

ஆறு மாடி ஏறணுமேண்ணே. உங்களுக்காக வேணா ஒரு நிமிஷம் சுவிட்சப் போடட்டுமா? ...ஆமா ஆமா, வேணாம், நான் ஒரு பைத்தியம்! மெதுவா ஏறுங்க. மேல போகும்போது நல்லா மூச்சு வாங்குங்க, அப்பத்தான் நம்புவாங்க. வர்றப்போ இன்னொரு டீ போட்டு வைக்கிறேன், அந்த நாலாவது மாடிப் பெரியவர் ஏதாவது கேட்டாருன்னா...

இருங்க, இந்த வீட்டம்மா கதவத் தெறந்து பாக்குறாங்க. என்னம்மா? கொழந்தை முழிச்சிருச்சா? இல்லையா? அப்புறம் என்ன? உதட்டுல விரல வச்சு... யாரு, அண்ணனா? அவர் வந்ததுலேருந்து ஒரு வார்த்த பேசலையேம்மா!

ஓ... என்னையா? கொஞ்ச நேரம் வாய மூடச் சொல்றீங்களா?