மத்மோசேல் வாங்கும் நிலம்

எனக்கு வயது எண்பத்தொன்று. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் நான். பிறர் பேச்சில் நான் தலையிட்டதே இல்லை. காதில் விழுந்தால் நான் என்ன செய்வேன்?

மொரீஷியஸில் சேன் பியேருக்கு ரயில் ஓடிய, பிரிட்டிஷ்காரன் ஆண்ட காலம். எனக்கு எதிரே பிரெஞ்சுக்காரன் ஆண்ட காரைக்காலிலிருந்து வந்த துணிக்கடைக்காரரும் அவர் மனைவியும். வீட்டு நிலத்துக்குப் பத்திரம் எழுதும் நோத்தேரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த அம்மாள், மடியில் கைப்பிள்ளையோடு, "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலியாம்!" என்று சிரித்தாள்.

"மெதுவாப் பேசேன்டி."

"நோத்தேரே சொன்னாரே! கோயில்ல தாலி கட்டினா போதாதாம், சிவில் ஆபீஸ்ல பதியணுமாம். சட்டத்துக்கு நான் மத்மோசேல், கன்னிப் பொண்ணு."

"நாளைக்கே பதிஞ்சிடுவோம்."

"பதிஞ்சா நானும் உங்களாட்டம் பிரெஞ்சுப் பிரஜை. அன்னியர் நிலம் வாங்க கவர்னர் அனுமதி வேணும். மனு, வக்கீல், முத்திரைன்னு செலவு. நான் இங்க பொறந்த பிரிட்டிஷ் பிரஜை. இப்படியே என் பேருல வாங்கினா நோத்தேர் கூலியும் பதிவு வரியும்தான்."

"அப்ப நிலம் உன் ஒருத்தியோடது. நாளைக்கு என்னை வெளிய போன்னுட்டா?"

"என் ரசத்தைக் குறை சொன்னப்பவே அதை யோசிச்சிருக்கணும்."

மோக்கா ஸ்டேஷனில் வண்டி நின்றது. அவர் தணிந்த குரலில், "சரி, உன் பேருலயே வாங்கு. அப்புறமாச்சும் என்னை சிவில்ல கட்டிக்குவியா?" என்றார்.

"தட்டு வரிசையோட வந்து பொண்ணு கேளுங்க. யோசிச்சுச் சொல்றேன்."

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதிய இதை ஒரு தடவை வாசித்துக் காட்டு. அந்த அம்மாள் பேசியதை மட்டும் உரக்க வாசி; உன் தாத்தா காதில் விழட்டும், அவரும் என் ரசத்தைக் குறை சொல்கிறவர்தான்.