கோரலின் காருக்குப் புது சைலன்சர்

கிட்ட வாருங்கள் தம்பி, நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தொப்பியை அந்த ஆணியில் மாட்டலாம். சொட்டினால் சொட்டட்டும், இந்த ஊரில் சொட்டாத தொப்பி ஏது. ஸ்கோன் ரொட்டி சூடாக இருக்கிறது, வெண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஆண்பிள்ளைக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் சாப்பிடுங்கள், நான் ஒரு கார் கதை சொல்கிறேன். நீங்கள் கேட்க வந்ததற்குப் பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

என் தங்கை கோரல் உயிரோடுதான் இருக்கிறாளா என்று டெஸ் குவீன்ஸ்லாந்திலிருந்து உங்கள் காவல் நிலையத்துக்குப் போன் போட்டானாம். பாவம், நல்ல மனுஷன். ஜன்னல் வழியே பாருங்கள். கார் கொட்டகையில் சிவப்பு ஸ்வெட்டரோடு நின்று கண்ணாடி துடைக்கிறாளே, அவள்தான். ஸ்வெட்டர் நான் பின்னியது. கன்னம் எப்படி இருக்கிறது பாருங்கள். என் கவனிப்பில் இருக்கிறவளுக்கு என்ன குறை?

கார் ஓடுவதில்லை, அது உங்களுக்கே தெரியும். முன்கண்ணாடியில் மஞ்சள் ஒட்டுச்சீட்டை ஒட்டியவரே நீங்கள்தானே. சத்தம் கூடுதல், சரிசெய்து காட்டுகிறவரை சாலையில் ஓட்டக் கூடாது என்று எவ்வளவு மரியாதையாகச் சொன்னீர்களாம். கோரல் அன்றைக்கு வந்து அழுதபோதுகூட அதைச் சொல்ல மறக்கவில்லை. அதற்கப்புறம் அவள் அதைச் சரிசெய்யவும் இல்லை. கேட்டால், "எங்க போகப்போறேன், அக்கா?" என்பாள். ஆனாலும் ஞாயிறு தவறாமல் துடைப்பாள், பேட்டரி செத்துப்போகாமல் கொஞ்ச நேரம் ஓடவிடுவாள். அப்போது இந்த மேஜையில் கரண்டிகள் ஆடும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். காரும் வீட்டில் இருக்கிறது, காரின் சொந்தக்காரியும் வீட்டில் இருக்கிறாள் என்று சொல்கிற சத்தம்.

டெஸ் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது கால்பந்து மைதானத்தில். நீங்கள் வெளியூர்ப் பிள்ளை, சரளைக்கல் மைதானத்தில் பையன்கள் முட்டி தேய விழுவதைப் பார்த்து முகம் சுளித்திருப்பீர்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. சுரங்கத்துத் தாது உருக்கின புகை தின்ற மண்ணில் புல்லாவது, மரமாவது. மழைக்கு நாங்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்து ஆட்டம் பார்ப்போம், நம் ஆள் கோல் அடித்தால் ஹாரன் அடிப்போம். அன்று எங்களுக்குப் பக்கத்தில், எங்கள் அணிக்காரர்கள் நிற்கிற வரிசையில், ஸ்ட்ரான் ஊர்க் கார் ஒன்று நின்றது. எதிரணி கோல் அடித்தபோது அது மட்டும் நீளமாக ஹாரன் அடித்தது. கோரல் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏங்க, கண்ணு தெரியலையா? அது அவங்க அடிச்ச கோலு!"

"தெரியும்மா. நீங்க கண்ணாடிய எறக்குவீங்களான்னு பாத்தேன்."

அவன்தான் டெஸ். அந்தப் பருவம் முடிவதற்குள் இரண்டு காரில் நடந்த பேச்சு ஒரே காரில் நடக்க ஆரம்பித்தது. நான் பின்சீட்டுக்கு மாறினேன். பின்சீட்டில் எனக்குக் கால் மரத்துப்போகும், ஆனால் வாய் திறந்து சொன்னதில்லை.

ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே கோரல் சொன்னாள். "அக்கா, டெஸ் வடக்க போறாராம். மக வீட்டுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வீடு பாத்திருக்காரு. என்னையும் வரச் சொல்றாரு. கல்யாணம் பண்ணிக்கலாம்ங்கிறாரு."

"இந்த வயசுலயா?"

"இந்த வயச விட்டா அடுத்த வயசு வருமான்னு தெரியாதே."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். ரொம்ப சந்தோஷம் என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கு இரவு படுத்தபோது ஒன்று மட்டும் தோன்றியது. இவ்வளவு பெரிய பயணம் போகிறவளுக்கு இந்த ஓட்டைக் கார் தாங்குமா? இந்தத் தீவை விட்டு வடக்கே போக டெவன்போர்ட் துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்க வேண்டும், டெஸ் அங்கே நேராக வந்து காத்திருப்பான். கோரலின் காரிலோ சைலன்சர் துருப்பிடித்து, பீன்ஸ் டப்பாத் தகடு சுற்றி, கம்பி கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் பரிசாகப் புது சைலன்சர் வாங்கித் தருகிறேன், நானே மாட்டியும் தருகிறேன் என்றேன்.

சிரிக்காதீர்கள். என் வீட்டுக்காரர் ராய் போகும்போது எனக்கு விட்டுப்போனது ஒரு பெட்டி ஸ்பேனர்தான். மீதியை இணையத்தில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அது நல்ல நாள், தம்பி. எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பழைய ரயில் கட்டைகளை அடுக்கிப் பின்சக்கரங்களை ஏற்றினோம். முன்சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தோம். முந்தின நாளே நட்டுகளுக்கு எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தேன், ஆனாலும் ஒன்று அசையவில்லை. துருப்பிடித்த நட்டை எடுத்தவுடன் கழற்றப் பார்க்கக் கூடாது. முதலில் ஒரு இழை இறுக்க வேண்டும். அது தன்னை இன்னும் இறுக்குகிறார்கள் என்று நம்பி அசையும், அப்போது கழற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டு டிரெவ் வேலிமேல் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். "கெழவிங்க ரெண்டு பேரும் காருக்கடியில என்ன பண்றீங்க? சமாதி கட்டுறீங்களா?"

"டார்ச்சப் பிடிடா தடியா," என்று கோரல் உள்ளிருந்தே கத்தினாள். "வாயில பிடிச்சாலும் சரி, அப்பவாவது கொஞ்சம் மூடும்."

பழைய குழாய் விழுந்தபோது அதன் துரு முழுவதும் அவள் தலையில் கொட்டியது. சிரித்துச் சிரித்து எங்களால் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை. புதுக் குழாயைத் தொங்கவிடுகிற ரப்பர் வளையங்களில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவினேன், வழுக்கிக்கொண்டு ஏறியது. வண்டியின் அடித்தகட்டில் எங்கும் உரசாதபடி தளர்வாக மாட்டி, நேர் பார்த்து, முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக இறுக்கினோம். இணைப்பில் புது வளையம் வைத்தேன். வேலையில் நான் குறை வைக்கவில்லை. புகை ஒரு துளி உள்ளே கசியாது. என் தங்கைக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது பாருங்கள்.

கோரல் சாவியைத் திருப்பினாள். தெருநாய்கள் எல்லாம் ஒரே குரலில் குரைத்தன. டிரெவ் காதைப் பொத்திக்கொண்டான். "நோலீன், இது காரா, ஏரோப்ளேனா? ரன்வே எங்க இருக்கு?"

"அக்கா, ரொம்பக் கத்துதே," என்றாள் கோரல்.

"புதுசு. ஓட ஓட அடங்கிடும்," என்றேன் நான்.

அது அடங்காது. இளவட்டப் பையன்கள் வாங்குகிற ரகம் அது. அதன் வாயில் செருகி ஒரே ஒரு போல்ட்டால் பூட்டுவதற்கு ஒரு சாண் நீளக் குழாய் ஒன்று தனிப் பையில் வரும். சத்தத்தை விழுங்குவது அதுதான், அதைச் செருகினால் கார் பூனை மாதிரி போகும். பெட்டியைப் பிரித்தது நான், விவரத்தாள் படித்தது நான். கோரல் மூக்குக்கண்ணாடியைத் தேடி உள்ளே போன நேரத்தில் அந்தப் பை என் ஏப்ரன் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

ஆமாம், நீங்கள் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, மேஜை மேலிருக்கும் அந்தப் பூச்சாடி. அதேதான். அடியில் ஒரு ஜாம் பாட்டில் மூடியை ஒட்டினேன், தண்ணீர் நிற்கிறது. கோரல்தான் பூ மாற்றுவாள். "அழகா இருக்குக்கா, எங்க வாங்கின?" என்று ஒருமுறை கேட்டாள்.

மீதியும் சொல்லிவிடுகிறேன். அவள் புறப்படுகிற நாளில் கார் பாதியில் நின்றாலும், டிரெவ் தன் வண்டியோடு வீட்டில் இருந்தால் கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவான். மீன் நன்றாகக் கடிக்கிறதாம் என்று முந்தின நாள் அவனிடம் சொல்லிவைத்தேன். காலையில் கோரல் நீலப் பெட்டியோடு கிளம்பினாள். வாசலில் நின்று கைகாட்டினேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவாக அவள் ஏறுகிற சத்தம் கேட்டது. மரம் இல்லாத மலை ஒரு சத்தத்தையும் மறைக்காது. உள்ளே வந்து உங்கள் நிலையத்துக்குப் போன் செய்தேன். மலை ஏறுகிற சிவப்புக் கார் ஒன்று காதைக் கிழிக்கிறது, வயசானவர்கள் இருக்கிற ஊர் என்றேன். பெயர் சொல்லவில்லை. நீங்கள் பொறுப்பானவர், உடனே போய்விட்டீர்கள்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? பூச்சாடியா? எடுத்துப் போங்களேன், பூவை மட்டும் இந்தக் கிளாஸில் போட்டுவிட்டுப் போங்கள். "என் மொதல் காருக்கும் இதேதாம்மா இருந்துச்சு" என்கிறீர்கள். அப்படியா. போலீஸாகும் முன் எல்லோரும் பையன்கள்தானே. ஸ்பேனர் பெட்டி கொட்டகையிலேயே இருக்கிறது.

வந்துவிட்டீர்களா. வெகுநேரம் கோரலிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தேன், ஸ்பேனர் சத்தம் கேட்டது. கையில் கிரீஸ், அந்தத் துணியில் துடையுங்கள். சட்டைக் கைமடிப்பில் ஏதோ மஞ்சளாக ஒட்டியிருக்கிறது, கசங்கின சீட்டு மாதிரி. இருக்கட்டும். இன்னொரு ஸ்கோன் எடுங்கள், கதை முடியப்போகிறது.

அன்று சாயங்காலம் துறைமுகத்திலிருந்து டெஸ் கூப்பிட்டான். கோரல் நடந்து நனைந்து வந்து மாடியில் படுத்திருந்தாள். காரை மறுநாள் டிரெவ் கட்டி இழுத்து வந்தான்.

"நோல், கோரல் கெளம்பிட்டாளா? கப்பல்ல ஏறச் சொல்றாங்க."

"அவ மனசு மாறிட்டா, டெஸ். உன்கிட்ட சொல்லச் சங்கடப்படுறா. நீ ஏறிடு."

அவன், "அவள நல்லாப் பாத்துக்க," என்றான். பார்த்துக்கொண்டேனா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். மேலே போய்க் கோரலிடம், டெஸ் கூப்பிட்டான், இதுவும் நல்லதுக்குத்தான் என்றான் என்று சொன்னேன். கடிதங்கள் வந்தன. தபாலை எடுத்து வருவது நான்தான். இந்த ஊர் ஈரத்தில் விறகு சட்டென்று பிடிக்காது, டெஸின் தாள் தடிமனானது. தொல்லை தருகிற விற்பனைக்காரர்கள் என்று சொல்லி வீட்டுத் தொலைபேசி எண்ணையும் மாற்றினேன். அவ்வளவுதான் நான் செய்தது. யாரையும் அடித்தேனா, பூட்டி வைத்தேனா? கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது.

பாருங்கள், எவ்வளவு அமைதியாக இருக்கிறது. மழைகூட நின்றுவிட்டது. உங்கள் பின்னாலேயே வந்து மாடி ஏறின கோரல் சற்று முன் படியிறங்கிப் போனாள், நீலப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு. பெட்டியில் ஈர வாடை, வெளியே வைத்துக் காற்றாட விடுவாளாயிருக்கும். போகும்போது என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். கொட்டகையில் ஏதோ பூனை உறுமின மாதிரி இருந்தது, டிரெவ் வீட்டுப் பூனை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும், தம்பி. இந்த வீட்டிலிருந்து ஒரு கார் எனக்குத் தெரியாமல் போக முடியாது.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? உட்காருங்கள். அவளுக்கும் ஒரு கோப்பை எடுத்து வைத்துவிட்டேன், ஆறுவதற்குள் வந்துவிடுவாள். நீங்கள் குழந்தையிடம் போகும்போது இந்த ஸ்கோன்களைக் கட்டித் தருகிறேன். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் மேஜையில் ஒரு கோப்பையும் குறையாமல் இருக்கட்டும். உங்கள் வாசலைத் தாண்டி ஒருவரும், ஒருநாளும், உங்களை விட்டுப் போகாமல் இருக்கட்டும்.