குதியாட்டத்தில் ஒரு பெயர்

மேடையில் வீற்றிருக்கும் அச்சகத்தார் சங்கத் தலைவர் அவர்களே, குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, தோழர்களே, வணக்கம்.

என்ன பேசுவது? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று குளித்தேன். யாரோ கொடுத்தார்கள் என்று காபி குடித்தேன். யாரோ கூப்பிட்டார்கள் என்று இந்த மைக் முன்னால் நிற்கிறேன்.

எழுத்துச் செம்மல், நம் ‘கோணல்’ அண்ணன் மறைந்துவிட்டார்! அவர் கையால் வரைந்த ‘குதியாட்டம்’ எழுத்துருவைப் பார்க்காதவர் இந்த ஊரில் உண்டா? பலூன் கடைப் பலகையில் அது இல்லையா? ஐஸ்கிரீம் வண்டியில் இல்லையா? ஓர் எழுத்துகூடக் கோட்டின் மேல் ஒழுங்காக நிற்காது. புள்ளிகளெல்லாம் கழன்று விழப்போகும் தொப்பி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கேட்டால், “வரிசையில நிக்கிறதுக்கு இது என்ன பேங்க்கா?” என்பார்.

அந்த விளையாட்டுப் பிள்ளை ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். குதியாட்டத்தில் துக்கச் செய்தி வரக் கூடாது. டாக்டர் அம்மாவுக்குத் தெரியும். குழந்தைகள் வார்டில் எல்லாக் கதவுகளிலும் அந்த எழுத்துதான், ஒரு கதவைத் தவிர. பெற்றோரை உட்கார வைத்துக் கெட்ட செய்தி சொல்லும் அறை அது. பெயிண்டர் அதையும் சேர்த்துத் துள்ள விட்டிருந்தார். அண்ணன் பிரஷ்ஷை வாங்கி, அதை அழித்துவிட்டு, நேரான எழுத்தில் எழுதினார். “இந்தக் கதவுல என் எழுத்து பல்லை இளிக்கக் கூடாதுய்யா” என்றார்.

என் பின்னால் இருக்கும் பேனரின் கீழ்ப்பகுதி மடித்துக் குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அண்ணனோடு நாங்கள் வேலை பார்த்த அலுவலகக் கணினிகளில் எதை டைப் செய்தாலும் முதலில் குதியாட்டத்தில்தான் விழும். அண்ணன் வைத்த ஏற்பாடு. அப்படியே டைப் செய்து, அப்படியே அச்சடித்து, அப்படியே கட்டிவிட்டோம். மேலே அவர் பெயர், கீழே ‘கண்ணீர் அஞ்சலி’. இரண்டும் துள்ளிக்கொண்டிருந்தன! எழுத்தே தொழிலாக உள்ள எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அண்ணிதான் உள்ளே நுழைந்ததும் அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

“கழட்டிடறோம் அண்ணி. வேற அடிச்சு மாட்டிடறோம்” என்றேன்.

“வேணாம் தம்பி. அவர் பேரை நேரா எழுதினா வேற யாரோ செத்துப்போன மாதிரி இருக்கும். கீழ இருக்கறத மட்டும் மடிச்சு விடுங்க. அவருக்குப் பிடிக்காது.”

மடித்தோம். அண்ணன் சொல்லும் நின்றது, அவர் பெயரும் நின்றது.

அண்ணி அவர்களே, இந்தச் சபை முன்னால் உறுதி சொல்கிறோம். குதியாட்டம் இனியும் பலூன் கடைக்குப் போகும். பிறந்தநாள் அட்டைக்குப் போகும். துக்க வீட்டுக்குப் போகாது. யார் கேட்டாலும் போகாது!

இப்போது மௌனமாக எழுந்து நிற்போம். தலை குனிய வேண்டாம். அந்தப் பெயரை நிமிர்ந்து பாருங்கள். யாருக்காவது சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அவர் அதற்காகத்தான் வரைந்தார். எனக்கு இன்னும் எதுவும் வரவில்லை. நானும் உங்களோடு நின்று பார்க்கிறேன்.