காளிச்சாமி தன் மகனிடம் சொன்னது

என் பெயர் இல்யாஸ், வயது 43, தகப்பனார் பெயர் ரசாக், குடியிருப்பது கோவை கோட்டைமேடு. மத்திய சிறையில் கைதிகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியராக ஒன்பது வருடமாக வேலை பார்த்து வருகிறேன்.

காரமடை பக்கம் தோட்ட வேலை செய்துவந்த காளிச்சாமி என்பவர் ஒரு கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று எங்கள் சிறையில் இருந்தார். அந்த வழக்கில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்தான் இப்போது வெட்டுப்பட்டு இறந்துபோன திருமலைசாமி. காளிச்சாமிக்கு எழுதத் தெரியாததால் கருணை மனுவையும் பிள்ளைகளுக்கான கடிதங்களையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு மனைவி இல்லை. மகன் ரூபன் சோமனூரில் தறி ஓட்டுகிறார், மகள் அன்புக்கரசி பள்ளியில் படிக்கிறாள்.

1996 ஜூலையில் கருணை மனு தள்ளுபடியானது. அதன் பிறகு ஒருநாள் காளிச்சாமி, சாகப்போகிறவன் பிள்ளைகளைக் கூப்பிட்டு என்ன சொல்வது, முன்னால் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டார். நான் இங்கிலாந்து மன்னர் சார்லஸைப் பற்றிச் சொன்னேன். 1649இல் அவர் தலையை வெட்டத் தீர்ப்பானதையும், மனைவியும் மூத்த மகன்களும் கடலுக்கு அப்பால் இருந்ததால் பதிமூன்று வயது மகள் எலிசபெத்தையும் எட்டு வயது மகன் ஹென்றியையும் மட்டும் வெட்டுவதற்கு முதல் நாள் அவரிடம் அழைத்துவந்ததையும், அவர் மகனை மடியில் வைத்துப் பேசியதையும், தன்னைக் கொல்பவர்களை மன்னித்துவிட்டதாகவும் மகன்களும் மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னதையும், மகள் அதை எழுதிவைத்ததையும் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணின் வயதை மட்டும் மறுபடி கேட்டார். அன்புக்கரசிக்கும் அதே வயது.

அதன் பிறகு ஆகஸ்ட் 9ஆம் தேதி பகல் பதினொரு மணிக்குப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். காளிச்சாமி கேட்டுக்கொண்டதால் நானும் உடன் நின்றேன். அவர் கம்பிக்கு உள்ளேயிருந்து அந்த மன்னரின் கதையைத் தனக்குத் தெரிந்தபடி சொல்லிவிட்டு, ரூபனைப் பார்த்து, "கண்ணு, திருமலைசாமி மேல நான் வெச்சிருந்த கோவத்தையெல்லாம் உட்டுப்போட்டேன். நீயும் உட்டுப்போடு. தங்கச்சியப் படிக்க வெய்யி" என்றார். அன்புக்கரசி பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள், "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கப்பா" என்றாள். அவர் மெதுவாக மறுபடி சொன்னார். அன்புக்கரசியிடம் வாங்கிய அந்த நோட்டை இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன்.

தூக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே காளிச்சாமி மஞ்சள் காமாலையில் செப்டம்பர் 2ஆம் தேதி இறந்தார். அதன் பிறகு 6ஆம் தேதி ரூபன் அவருடைய துண்டையும் சட்டையையும் வாங்கிப்போக வந்தார். காந்திபுரத்தில் பஸ் ஏற்றிவிடக் கூடப் போனேன். டீக்கடையில் வைத்து அவர், "அந்த ராசாவோட மூத்த பையன் அப்பறம் என்னங்க பண்ணுனாரு?" என்று கேட்டார். பதினொரு வருடம் கழித்துத் திரும்பிவந்து பட்டம் ஏறினார் என்றும், தகப்பனாரின் மரணத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் பலரைப் பிடித்துக் கொன்றார் என்றும், செத்துப்போயிருந்தவர்களைக்கூடக் குழியிலிருந்து எடுத்துத் தூக்கில் போட்டார்கள் என்றும் சொன்னேன். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டார். பதினாலு வயதில் காவலிலேயே இறந்தாள் என்றேன். அவர் டீயை வைத்துவிட்டு, "வாரேனுங்க" என்று எழுந்து போனார்.

மூன்றாம் நாள் திருமலைசாமி வெட்டப்பட்டார்.

காளிச்சாமி மகனைத் தூண்டிவிட்டாரா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் சொன்னதை நான் நேரில் கேட்டேன். ரூபன் என்னிடம் கேட்ட அன்று, தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சரித்திரத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

மேலே எழுதியிருப்பதை நானே படித்துப் பார்த்தேன். அத்தனையும் நான் சொன்னது, உண்மை. ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை.

(ஒப்பம்)
ர. இல்யாஸ்