ஒற்றை ஆளுக்கு இரண்டு சீட்டு

பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தது உச்சிப் பொழுதில். பங்குனி மாதம்... அரூரிலிருந்து சித்தேரி மலை ஏறுகிற ரோடு. அன்றைக்கு அடித்த வெயிலில் தார் உருகி, நடுரோட்டில் ஒட்டிக்கொண்ட பாம்பு ஒன்று, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் கொஞ்சம் தூக்கிவிடச் சொல்லிக் கெஞ்சியதாம். நம்பாதவர்கள் எழுந்து தனியாக வீட்டுக்குப் போகலாம்... போகமாட்டீர்கள் இல்லையா? கிட்ட வாருங்கள்.

அந்த ரோட்டில், ஒரு வளைவில், சிறுபாலத்தின் கட்டைச் சுவரில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மடியில் லேப்டாப். நம்ம சவுரியப்பனின் தங்கை மகன் ஜேக்கப்தான். ஒரு வாரமாகச் சோறு இறங்காதவன்.

மலைக்கு ஜீப் விடுகிற மாதவராஜுக்கு அவன் ஓர் ஆப் செய்து கொடுத்திருந்தான். ஏறப் போகிறவர் முதல் திரையில் பேரையும் எத்தனை சீட்டு என்பதையும் போட வேண்டும். அது இரண்டாவது திரைக்குப் போகும். அங்கே என்ன வருகிறதோ அதுதான் டிரைவருக்குத் தெரியும். அவ்வளவுதான் வேலை. அரூர் பஸ் ஸ்டாண்டில் சுத்தமாக ஓடியது. இந்த வளைவில் மட்டும்... ஒன்று என்று போட்டால், அடுத்த திரையில் இரண்டு.

"ஏம்பா, ஒத்தப் பொம்பள ஏறறா, ரெண்டு சீட்டுன்னு காட்டுது. இன்னொரு ஆளு எங்கம்மான்னு கேட்டதுக்கு நம்ம டிரைவர் மாதுவ செருப்பால அடிக்க வந்துட்டா" என்று காலையில் மாதவராஜ் கத்தியிருந்தார். "இன்னிக்கு சரியாவலைன்னா வுட்டுடு. நாங்க பழையபடி போன்லயே கூப்ட்டுக்கறோம்."

விட்டால் ஜேக்கப் மறுபடி பெங்களூருக்குப் போக வேண்டியதுதான். அவன் கட்டிக்கொள்ள நினைத்திருந்த அனிஷாவுக்கு வேலை அரூரில். உள்ளூரில் பிழைக்கத் தெரிந்தவனுக்குத்தான் பெண் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

இரண்டு திரைக்கும் வாசலில் காவல் மாதிரி புரோகிராமில் ஒவ்வொரு வரி எழுதி வைத்தான்... என்ன வெளியே போகிறது, என்ன உள்ளே வருகிறது என்று பார்க்க. போகும்போது ஒன்று. வரும்போது இரண்டு. நடுவில் எதுவுமே இல்லை. எழுதியதை அழித்துப் புதிதாக எழுதினான். இரண்டு. ஆப்பையே அழித்து மறுபடி ஏற்றினான். இரண்டு. போனை மாற்றினான்... இரண்டு. அன்றைக்கு அவன் பிய்த்த தலைமுடியைப் பொறுக்கியிருந்தால் நாலு கல்யாணப் பெண்ணுக்குச் சடை பின்னியிருக்கலாம்.

சரக்... சரக்...

பின்னால் யாரோ கட்டைப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிற சத்தம். திரும்பினான். ஆள் இல்லை. பழுத்து வெடித்த சீத்தாப்பழ வாசனை மட்டும், குப்பென்று. பங்குனியில் ஏது சீத்தாப்பழம்?

வேறொருவனாக இருந்தால் ஓடியிருப்பான். எரிச்சல் தலைக்கேறியவனுக்குப் பேயும் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். "கொஞ்ச நேரம் சும்மா இருக்கியா" என்று பின்பக்கம் பார்த்து எரிந்து விழுந்தான். பிறகு ஆப் எழுதுகிறவர்கள் ரகசியமாகச் செய்கிற திருட்டு வேலையைச் செய்தான். காரணம் அகப்படாவிட்டால் கணக்கை வளை. இந்த வளைவில் எத்தனை வந்தாலும் அதில் ஒன்றைக் கழித்துக் காட்டு என்று ஒரே ஒரு வரி.

இரண்டில் ஒன்று போனால் ஒன்று. எந்த ஒன்று போக வேண்டும் என்று ஆப் கேட்கவில்லை.

பேர், ஜேக்கப். சீட்டு, ஒன்று. அடுத்த திரை... ஒன்று.

மாதவராஜுக்குப் போன் போட்டான். "சரியாயிடுச்சுங்கண்ணா."

"மாது மலையில இருந்து எறங்கிட்டிருக்கான். அவன் போன்ல ஒன்னுன்னு வந்துச்சுன்னா, ஏறி நேரா ஆபீஸுக்கு வா. மீதியப் பேசிக்கலாம்."

ஜீப் சத்தம் கேட்டது. ஜேக்கப் லேப்டாப்பை மூடிக்கொண்டு ரோட்டோரம் வந்து கையைக் காட்டினான். ஜீப் அவன் பக்கத்திலேயே நின்றது. முன்கதவு திறந்தது... சாத்திக்கொண்டது. மாது பக்கத்துச் சீட்டைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். வண்டி கிளம்பிவிட்டது.

ஜேக்கப் கத்தினான். பின்னாலேயே ஓடினான். வண்டி வளைவு தாண்டி மறைந்த பிறகுதான் போன் போடத் தோன்றியது.

"மாதுண்ணா, என்னை வுட்டுட்டுப் போறீங்களே. நான் ஜேக்கப் பேசறேன்."



"தம்பி, இங்க பாரேன்... எவனோ உன் பேரச் சொல்றான்" என்று மாது பக்கத்தில் யாரிடமோ சொன்னான்.

பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஜேக்கப்பின் சொந்தக் குரல்.

"கட் பண்ணுங்கண்ணா. அந்த வளைவுல யாருமே இல்ல."